நீ கடித்து வைத்த பிக்

மாமு,

எக்ஸ்பிரஸ் ரோட்டில், துறைமுக கேட்டுக்குப் போகிற லாரி லைனில் நிற்கிறேன். வெயில் ஏறிவிட்டது. இடது பக்கம் கடல், பாறாங்கல்லில் மோதி மோதி அதற்கே அலுத்துப்போயிருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை, பஞ்சர் கடை, மறுபடியும் டீக்கடை. முன்னால் கண்டெய்னர், பின்னால் கண்டெய்னர். என் வாயில் பிளாஸ்டிக் ருசி. உன் பிக் என் பல்லுக்கு நடுவில் இருக்கிறது.

கிடார் கம்பியைச் சுண்டுவதற்கு எல்லோரும் கடையில் வாங்குகிற சின்ன முக்கோணத் துண்டை நீ வாங்கியதே இல்லை. வாங்கினால் தொலைந்துவிடும் என்பாய். சிம் கார்டு பதித்து வருமே ஓர் அட்டை, அதைக் கத்தரித்து, உப்புத்தாளில் ஓரம் தேய்த்து, நீயே செய்துகொள்வாய். லைன் நகர்ந்தால் இரண்டு கையும் வேண்டும், ஒன்று ஸ்டியரிங்குக்கு, ஒன்று கியருக்கு. அப்போது பிக்கைப் பல்லில் கடித்துக்கொள்வாய். வண்டி ஒரு வண்டி நீளம் நகர்ந்து நின்றதும் ஹேண்ட் பிரேக், நியூட்ரல், வாயிலிருந்து பிக், விட்ட இடத்திலிருந்து வாசிப்பு. இப்படிக் கடித்துக் கடித்து நீ செய்த பிக் எல்லாமே எலி கரண்டின மாதிரி ஆகிவிடும். இதிலும் உன் மேல்பல் இரண்டும் நன்றாகப் பதிந்திருக்கின்றன. நாக்கை வைத்தால் தெரிகிறது.

உடம்பு ஓய்ந்துபோச்சு மாமு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்கிறார். அவருக்கென்ன, லைனில் நிற்பதே ஓய்வுதானே என்று நினைக்கிறாரோ என்னவோ. நிற்பதுதான் அதிகம் அலுப்பு. ஓடினால் வண்டி ஓடும், தூங்கினால் உடம்பு ஆறும். நிற்பதில் ரெண்டும் இல்லை. கண்ணை மூடவும் முடியாது, எங்கேயும் போகவும் முடியாது. நீ இருந்தவரை இது எனக்குத் தெரியவே இல்லை.

நமக்கு முப்பது தாண்டியபிறகுதான் கிடார் கைக்கு வந்தது. தண்டையார்பேட்டையில் யாரோ ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்தபோது கறுப்பு எலக்ட்ரிக் கிடார் ஒன்றை நீ தூக்கிக்கொண்டு வந்தாய். கொஞ்ச நாளில் நானும் ஒன்று தேடிப் பிடித்தேன். ராயபுரத்தில் உன் வீட்டு மாடியில் நீ சின்ன வயதில் கேட்ட இங்கிலீஷ் ஹார்ட் ராக் பாட்டெல்லாம் உன் தலைக்குள் கிடந்தது. நான் திருவொற்றியூர்க்காரன், கோயில் மேளமும் கல்யாண பேண்டும் கேட்டு வளர்ந்தவன். எனக்கு அந்தச் சத்தம் முதலில் பட்டறையில் தகரம் அறுக்கிற மாதிரிதான் இருந்தது. "நடுவுல ஒருத்தன் தனியா வாசிப்பான் பாரு, அத்த மட்டும் கேளு மாமு"ன்னு சொல்லி ஹெட்போனை என் காதில் மாட்டினாய். பாடுகிறவன் வாயை மூடிக்கொண்டபிறகு கிடார் மட்டும் எழுந்து அழுதது, கத்தியது, கெஞ்சியது. அதற்குப் பெயர் சோலோ என்றாய். அன்றைக்கு எனக்குப் பிடித்துப்போனது.

கற்றுக்கொள்ள நமக்கு ஏது வாத்தியார், ஏது நேரம்? லைன்தான் பள்ளிக்கூடம். போனில் வீடியோ பார்ப்போம், வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்போம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் கிடாரின் கழுத்து கியர் கம்பிக்கு மேலே நீண்டு கடல் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓடுகிற குட்டி ஆம்ப்ளிஃபயரைக் கிடாரிலேயே சொருகி, ஆளுக்கொரு காதில் ஹெட்போன். நான் என் வண்டியை நிறுத்திவிட்டு உன் கேபினுக்கு ஏறிவிடுவேன். பேச்சும் வாசிப்புமாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் பிரேக் விளக்கு அணையும். "லைன் நவுருதுடா!" என்று யாராவது கத்துவார்கள். நீ பிக்கைக் கடித்துக்கொண்டு கியர் போடுவாய். நான் குதித்து என் வண்டிக்கு ஓட வேண்டும். ஒருமுறை ஹெட்போன் ஒயரோடு குதித்துவிட்டேன், உன் ஆம்ப் என் பின்னாலேயே ரோட்டில் விழுந்து உருண்டது. பின்னால் இருந்தவன் ஹாரன் மேலிருந்து கையையே எடுக்கவில்லை. நீ சிரித்த சிரிப்பில் பிக் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

எனக்குக் கடைசிவரை வராதது பெண்ட். கம்பியை விரலால் மேலே தள்ளினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டே ஏறும், ஏறின இடத்தில் விரலை நடுக்கினால் மனிதக் குரல் மாதிரி நடுங்கும். ஹார்ட் ராக் சோலோவின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பாய். நான் தள்ளினால் ஒரே தள்ளு, பூனை மேல் கால் வைத்த மாதிரி கத்தும்.

"இன்னாத்துக்கு இம்மா அவசரம்? நாப்பதடி வண்டிய இப்டிதான் சந்துல திருப்புவியா? கொஞ்சம் கொஞ்சமா போ. பின்னாடி கண்டெய்னர் பெட்டி வந்துகினு கீதான்னு பார்த்துக்கினே போ."

நீ இதைச் சொன்னபிறகுதான் எனக்குப் பாதியாவது புரிந்தது. ஆனால் புரிந்ததும் விரலும் ஒன்றல்ல. நான் ரிதம் வாசிக்கப் போய்விட்டேன். ஜிங் ஜிங் என்று பின்னால் தட்டிக்கொண்டிருப்பது என் வேலை, முன்னால் நின்று கிடாரைப் பேசவைப்பது உன் வேலை. வெல்டிங் பட்டறை ஜோசப் டிரம்ஸ். மூன்று பேர்தான் நம் குழு. மாதா கோயில் திருவிழாவிலும், தெரிந்தவர்கள் கல்யாணத்திலும், சினிமாப் பாட்டு நான்கு வாசித்தால் நடுவே நம்முடையது ஒன்றை நுழைப்போம். கிழவிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பொடிசுகள் மேடைக்கு முன்னால் வந்து குதிக்கும்.

உன் சோலோவில் ஒரு பழக்கம் இருந்தது. நன்றாக ஏறிக்கொண்டே போய், திடீரென்று நின்றுவிடுவாய். மொத்தமாக நிற்பாய். அப்புறம் எங்கிருந்தோ திரும்பி வருவாய். ஐயோ, மறந்துட்டான் போல என்று எனக்குப் பக்கென்றாகும். உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த இடத்தில் நான் இன்னும் பலமாக ஜிங் ஜிங் என்று தட்டி நிரப்பிவிடுவேன். எத்தனையோ மேடைகளில் இப்படித்தான். நீ ஒரு நாளும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. நிரப்பவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் மாமு.

உன் பொண்ணு ஸ்டெல்லாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த சமயத்தில் நீ ஒரு புது சோலோ கட்டத் தொடங்கினாய். பாட்டே இல்லை, சோலோ மட்டும். என்னடா இது, தலையும் இல்லை வாலும் இல்லை என்று கேட்டேன். "ரிசப்சன்ல பொண்ணப் பெத்தவன் மைக் புட்சி நன்றி சொல்லணும்ல? எனக்குப் பேச வராது மாமு. மைக்க குட்த்தா அழுதுடுவேன், கலீஜா பூடும். அத்தான் இத்த வாசிக்கப் போறேன். பொண்ணாண்ட சொல்லிட்டேன்" என்றாய். அவளும் எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டாள், என் அப்பா பேசமாட்டார், வாசிப்பார் என்று. பல மாதம் அதைத்தான் லைனில் இழைத்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்த நாள். நான் மீஞ்சூர் பக்கம் பெட்டி ஏற்றப் போயிருந்தேன், லைனில் உன் பின்னால் நான் இல்லை. பின்னால் இருந்தவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். லைன் நகர்ந்திருக்கிறது, உன் வண்டி நகரவில்லை. ஹாரன் அடித்திருக்கிறார்கள். முன்னால் இடம் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. ஒருவர் கோபமாக இறங்கி வந்து உன் கதவில் தட்டியிருக்கிறார். நீ கிடார் மேல் சாய்ந்திருந்தாய். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, கியர் நியூட்ரலில் இருந்தது. நெஞ்சு வலி வந்த நேரத்தில்கூட வண்டி உருண்டுபோய் யார்மேலும் இடிக்கக்கூடாதென்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். அந்த விஷயத்தை மட்டும் நான் எல்லோரிடமும் சொல்வேன். மற்றதைச் சொல்ல வாய் வராது.

என் கிடாரை நான் தொடவே இல்லை அதற்கப்புறம். என் வீட்டுப் பரணில் போட்டேன். வண்டி, லைன், வீடு, தூக்கம். ஜோசப் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தான், மூன்றாவது முறை வரவில்லை. யார் வாசித்து யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்தது.

ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை அமைந்தான். நல்ல பையன். வண்ணாரப்பேட்டையில் அவர்களுக்குத் துணி மொத்தக்கடை, தெற்கத்திக் குடும்பம், சாந்தமான மனிதர்கள், சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள். பத்திரிகை வைக்க உன் வீட்டுக்காரி ரோஸியும் ஸ்டெல்லாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்டெல்லா காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையிலிருந்து இந்தப் பிக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அன்றைக்கு உன் சட்டைப் பையில் இருந்ததாம்.

"மாமா, அப்பா பேசமாட்டாரு, வாசிப்பாருன்னு நான் எல்லாராண்டயும் சொல்லி வெச்சிகீறேன். அந்த எடத்துல வேற யாராவது மைக் புட்சி பேசினா என்னால தாங்க முடியாது. நீங்க வாசிங்க மாமா. அது அவரு பேசறது."

நான் ரிதம்காரன், எனக்கு சோலோ வராது என்று சொன்னேன். முழங்கால் வலியைச் சொன்னேன். விரல் மரத்துப்போனதைச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவள் உன் முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு நான் எப்படி மறுப்பேன்?

நீ வாசித்ததன் பதிவு ஒன்றே ஒன்று ஸ்டெல்லாவின் போனில் இருந்தது. கேபினில் உட்கார்ந்து நீயே பதிந்து அவளுக்கு அனுப்பியது. இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கிறது, அதற்கு மேல் உன் கிடார். நன்றாக ஏறி வருகிறது, நிற்கிறது. ஏர் பிரேக் புஸ்ஸென்று மூச்சு விடுகிறது, வண்டி நகர்கிற சத்தம், மறுபடியும் புஸ், அப்புறம் மீதி. இப்படி நடுவில் பல இடங்களில் வெட்டு. யாரோ டீ வேண்டுமா என்று கேட்பதுகூட இருக்கிறது. பாவம், லைன் இவனை முழுசாக ஒருமுறை வாசிக்கக்கூட விடவில்லையே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். என் பையன் போனில் ஏதோ ஆப் போட்டுக் கொடுத்தான். நீ வாசித்த இடங்களை மட்டும் வெட்டி எடுத்து, லாரிச் சத்தத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டினேன். அடைசல் இல்லாமல் சுத்தமாக ஒரே ஓட்டமாக வந்தது. உனக்கு நான் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பரணிலிருந்து கிடாரை இறக்கி, கம்பி மாற்றி, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அதை அப்படியே விரலில் ஏற்ற உட்கார்ந்தேன்.

வேலை முடிந்து வந்து உட்காரும்போது கை தூக்க முடியாது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி வெடித்து, ஆறி, மறுபடி வெடித்தது. சாப்பாட்டில் கை வைத்தால் காரம் சுரீரென்று ஏறும். பாதி நாள் கிடாரை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். எதுக்கு இந்த வயசில் இந்தப் பாடு என்று என் மனைவி கேட்டாள். ஆனாலும் ஒவ்வொரு ஸ்வரமாக வந்தது. பெண்ட்கூட, நீ சொன்னபடி பின்னால் பெட்டி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளியதில், ஓரளவு வந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் உன் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். ஒரு தப்பு இல்லை. ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"நல்லா கீது மாமா" என்றாள் ஸ்டெல்லா. பிடிக்காத புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும்போது பெண்கள் சொல்வார்களே, அந்த மாதிரி. ரோஸி உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடித்தபிறகு சொன்னாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. அவரு இப்டி வாசிக்க மாட்டாரு. நடுவுல நிப்பாரு."

"அது லைன் நவுந்ததால நின்னான்மா. வண்டிய எடுக்கணும்ல?"

"வூட்லயும் நிப்பாருண்ணா. வூட்ல இன்னா லைனா கீது? கட்டில்ல ஒக்காந்து வாசிச்சிகினு இருப்பாரு, அதே எடத்துல நின்னுடுவாரு. நான் அடுப்பாண்ட அப்டியே நின்னுகினு இருப்பேன், எப்போ திரும்ப வருவாருன்னு. காலு வேற அமுக்குவாரு கீழ, கிளட்ச் மாரி."

நான் கிடாரை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தேன். லைனில் துண்டு துண்டாகக் கற்றவன் நீ. நகரும்போது நின்று, நின்றதும் தொடர்ந்து, அப்படியே உன் விரலில் அது ஊறிவிட்டது. முதலில் லாரிக்காக நின்றாய். அப்புறம் லாரி இல்லாதபோதும் நின்றாய், ஏனென்றால் நின்று திரும்பி வரும்போதுதான் அந்த ஸ்வரம் அப்படி வந்தது. மேடையில் நான் ஜிங் ஜிங் என்று நிரப்பியதால் எனக்கு அது ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வாசித்த எனக்குத் தெரியாதது, அடுப்பங்கரையில் நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் குப்பை என்று வெட்டிப் போட்டதில்தான் நீ இருந்தாய் மாமு.

அடுத்த நாள் கிடாரை வண்டியில் ஏற்றினேன். உன் பிக், வெட்டாத பதிவு, ஒரு காதில் ஹெட்போன். உன் வண்டியில் மாதிரியே கழுத்து கடல் பக்கம் நீண்டது. நின்றால் வாசி, நகர்ந்தால் கடி. எனக்குக் கடிக்கத் தெரியவில்லை, முதல் நாள் பிக்கை விழுங்கப் பார்த்தேன். லைனில் பின்னால் நின்ற பழைய ஆள் ஒருவர் இறங்கி வந்து கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். உன் கதவைத் தட்டியது அவர்தான். "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஃபுட்போர்டிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனார். போகும்போது, "அன்னிக்கு நான் ஹாரன் அடிச்சிகினே இருந்தேன்பா" என்றார். தெரியாமல்தானே அண்ணே அடித்தீர்கள் என்று சொன்னேன். உனக்கும் அவர்மேல் கோபம் இருக்காது. பின்னால் ஹாரன் அடிப்பவர்களைப் பற்றி நீ எப்போதும் சொல்வது ஒன்றுதான், அடிக்கட்டும், நாம எடுக்கும்போது எடுப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ராயபுரத்தில் மாதா கோயில் ஹால். ஸ்டெல்லா வெள்ளையில் இருந்தாள், நீ பார்த்திருக்க வேண்டும். கேக் வெட்டினார்கள், மாப்பிள்ளையின் அப்பா மைக்கில் மெதுவாக அழகாக நாலு வார்த்தை பேசினார். அப்புறம் பெண்வீட்டார் சார்பில் என்று சொல்லிவிட்டு மைக் பிடித்திருந்தவர் ஒதுங்கிக்கொண்டார். ஜோசப் டிரம்ஸ் பக்கமே போகவில்லை, தனியாக வாசிடா என்று சொல்லிவிட்டான். கடைசி வரிசை மேஜையில் லைன் ஆட்கள் எல்லோரும் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில். ஆம்ப்பில் சத்தத்தைத் திருகி முரட்டு ஓசையை ஏற்றியதும் அவர்களில் ஓர் அம்மா சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த மேடையில் நான் ஓடிப்போகாமல் நின்றதே பெரிய விஷயம்.

ஆரம்பித்தேன். கீழேயிருந்து மெதுவாக ஏறுகிறதே, அந்த இடம். சுமாராக வந்தது. இன்னும் ஏறியது. பெண்டைத் தள்ளினேன், பெட்டி பின்னால் வந்தது. முதல் நிறுத்தம் வந்தது.

நின்றேன்.

யாரும் ஜிங் ஜிங் என்று நிரப்பவில்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, சமையல்கட்டில் தட்டு உரசுவது கேட்டது. என் இடது கால் தானாகக் கீழே அழுந்தியது. மேடையில் ஏது கிளட்ச், ஷூவுக்குக் கீழே வெறும் பலகைதான். முன்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். நானும் இத்தனை வருஷம் அதைத்தானே நினைத்தேன். ரோஸியைப் பார்த்தேன். அவள் அடுப்படியில் நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தாள், தலையைக் கொஞ்சம் சாய்த்து.

அப்போது கடைசி மேஜையிலிருந்து அந்தப் பழைய ஆளின் குரல் வந்தது, அடங்கிப்போன குரல்:

"லைன் நவுருதுப்பா... எடு."

மொத்த மேஜையும் சிரித்தது. ஸ்டெல்லாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காலை எடுத்தேன், கிடாரை எடுத்தேன், திரும்பி வந்தேன். நீ எப்போதும் திரும்பி வருவாயே, அதே இடத்துக்கு. வந்தது மாமு. கொஞ்சமாவது வந்தது. அதற்கப்புறம் வந்த நிறுத்தங்களில் நான் பயப்படவில்லை.

பொய் சொல்லமாட்டேன், கடைசிப் பெண்ட் எட்டவில்லை. விரல் நுனி அங்கேயே பிளந்துவிட்டது, ஸ்வரம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் கீழேயே நின்று நடுங்கியது. அதற்குமேல் தள்ள என்னிடம் தெம்பில்லை. இறங்கி வந்ததும் ரோஸியிடம் சொன்னேன், கடைசியில் விட்டுவிட்டேன்மா என்று. "பரவால்லண்ணா. நின்னீங்களே, அது போதும்" என்றாள். காதைப் பொத்தின அந்த அம்மா வந்து என் விரலைப் பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டார். பொண்ணோட அப்பா உங்க கூட்டாளியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லாப் பேசினாங்க என்றார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வெறுமனே படுத்துக் கிடந்தேன். ஒரு வேலை முடிந்தபிறகு வருகிற அலுப்பு அது, லைனில் வருகிற அலுப்பு மாதிரி இல்லை. நீ போன நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு அலுப்பு வந்ததில்லை. அதனால் அதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டேன்.

பிக்கை ஸ்டெல்லாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேண்டாம் மாமா, உங்களாண்டயே இருக்கட்டும், ஓட்டும்போது அவர் கூட இருப்பார் என்றாள். மாப்பிள்ளையோடு மாதவரம் பக்கம் குடிபோகிறாள். வீடு பிடித்துவிட்டார்கள்.

இதோ, இன்றைக்கு மறுபடியும் லைன். கேட் எங்கோ தூரத்தில் இருக்கிறது. முழங்கால் அதே முழங்கால், வெயில் அதே வெயில். கிடார் மடியில் கிடக்கிறது, அந்தக் கடைசிப் பெண்டைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், இன்னும் ஒரு நூல் கீழேயேதான் நிற்கிறது. எட்டும்போது எட்டட்டும். பின்னால் ஒருவன் இப்போதே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். புதுப் பையன் போல, பொறுமை இல்லை.

முன்வண்டியின் பிரேக் விளக்கு அணைகிறது. வாசித்ததை நிறுத்திவிட்டுப் பிக்கைப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். நீ கடித்த பள்ளத்திலேயே என் பல்லும் போய் உட்காருகிறது, மாமு. வண்டியை எடுக்கிறேன்.